‘சேமி’ பட்டனில் நின்றுபோன விரல்: தமிழில் ஓர் இலக்குக் கருவி செய்த அனுபவம்

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஒரு சமூக மன்றத்தின் மேல்மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். எதிரே உட்கார்ந்திருந்த அக்கா கைபேசியில் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் போட்டுவிட்டார். மகளின் மேற்படிப்பு, பத்து ஆண்டுகள், 40,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கடைசித் திரை வந்தது. அதில் இரண்டே பட்டன்கள்: ‘பின்செல்’, ‘சேமி’. அவர் விரல் ‘சேமி’க்கு மேலே போய் அப்படியே நின்றுவிட்டது.

“தம்பி, இத அமுக்குனா என் பேங்க்லேருந்து காசு எடுத்துருமா?”

கோப்பைச் சேமிப்பதற்கும் அதே சொல், காசைச் சேமிப்பதற்கும் அதே சொல். கைபேசித் திரைகளில் எத்தனையோ முறை ‘சேமி’ என்று நானே எழுதியிருக்கிறேன். ஒரு படத்துக்கோ கடிதத்துக்கோ கீழே அது நின்றால் யாருக்கும் குழப்பம் வராது. பணக் கணக்குப் போடும் திரையில் நின்றால் அதற்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. அக்கா கேட்டதில் தவறே இல்லை. அன்று மாலையே அந்தப் பட்டனை ‘குறித்து வை’ என்று மாற்றினோம். பிறகு அதில் யாரும் தயங்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்தத் திரைகளைக் கொண்ட கருவியைப் பற்றியது. நாங்கள் மூன்று பேர். திரை வடிவமைப்பு என்னுடையது, நிரல் எழுதியது ஒரு நண்பர், கணக்கைச் சரிபார்த்தது வங்கியில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணன். எதற்காகப் பணம், எப்போது தேவை, மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்ற மூன்றையும் கைபேசியில் ஐந்து நிமிடத்தில் ஒருவர் தனக்குத் தெரிந்த தமிழில் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் நோக்கம் அவ்வளவுதான். எந்தத் திட்டத்தையும் அது பரிந்துரைக்காது. சிங்கப்பூரில் முதலீட்டுப் பொருள்களைப் பற்றி ஆலோசனை சொல்வது நிதி ஆலோசகர் சட்டத்தின் கீழ் வருகிற வேலை. அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பதில் அண்ணன் முதல் நாளிலிருந்தே உறுதியாக இருந்தார்.

ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட கணக்கிகள் இங்கே நிறைய உண்டு. ‘மணிசென்ஸ்’ என்ற தேசியத் திட்டம் 2003இலிருந்து நிதியறிவு வளர்க்கும் வேலையைச் செய்து வருகிறது. 2020 டிசம்பரில் வந்த ‘எஸ்ஜிஃபின்டெக்ஸ்’ வழியாக, அரசின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸில் நுழைந்து வெவ்வேறு வங்கிக் கணக்குகளையும் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதியையும் (மசேநி) ஓரிடத்தில் பார்க்கலாம். நல்ல ஏற்பாடு, நானே பயன்படுத்துகிறேன். ஆனால் சமூக மன்றத்தில் நாங்கள் சந்தித்தவர்கள் அங்கே போகும் வழியில் எங்கோ நின்றுவிடுகிறார்கள். எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதில்தான் எங்கள் உழைப்பில் பாதி போனது.

முதல் கேள்வியே தவறு

முதல் மாதிரியைத் தாளில் வரைந்தோம். முதல் தாளில் பெரிய எழுத்தில் ‘உங்கள் முதலீட்டு இலக்கு என்ன?’ என்று எழுதியிருந்தோம். தாளைப் பார்த்தவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். “நான் முதலீடெல்லாம் பண்றதில்ல தம்பி” என்றார் ஒருவர். வேறொருவருக்கு ‘முதலீடு’ என்றால் கடை வைக்கப் போடும் முதல். இன்னொருவருக்குப் பங்குச் சந்தை. இவர்கள் எல்லாரும் மாதாமாதம் பணம் ஒதுக்குகிறவர்கள்தான். சீட்டுப் போடுகிறார்கள், சிராங்கூன் சாலை நகைக்கடையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கம் வாங்குகிறார்கள், வீட்டில் உறை உறையாகப் பெயர் எழுதி வைக்கிறார்கள். அதை ‘முதலீட்டு இலக்கு’ என்று அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

கேள்வியை ‘எதற்காகப் பணம் சேர்க்கிறீர்கள்?’ என்று மாற்றினோம். பேச்சு கொட்டியது. பிள்ளை படிப்பு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைப் புதுப்பிப்பது, தங்கச்சி கல்யாணம், ஊரில் அப்பாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை, ஓய்வுக்குப் பிறகு யார் கையையும் எதிர்பார்க்காமல் இருப்பது. ஒரு பெரியவர் காசிக்குப் போய்வரச் சேர்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் போட்டிருந்த பட்டியலில் காசி இல்லை. பட்டியலைச் சுருக்கிவிட்டு, அவரவர் சொல்லில் எழுத ஒரு கட்டத்தை மேலே வைத்தோம். அவர் ‘காசி’ என்று எழுதினால் அடுத்த திரைகளிலெல்லாம் ‘காசிக்கு இன்னும் 14 மாதம்’ என்றுதான் வரும். உறையின் மேல் பெயர் எழுதினால் அந்தப் பணத்தை வேறு செலவுக்குத் தொடக் கை கூசும். நம் வீடுகளில் அம்மாக்கள் பருப்பு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் தனித்தனியாகக் காசு வைத்தது அதனால்தானே.

அபாயம்

இந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். எத்தனை ஏற்ற இறக்கத்தைத் தாங்குவீர்கள் என்று கேட்கும் பகுதிக்கு ‘உங்கள் அபாய அளவு’ என்று தலைப்பு வைத்திருந்தோம். அகராதிப்படி சரி. ஆனால் சிங்கப்பூரில் ‘அபாயம்’ என்ற சொல்லைத் தமிழர்கள் எங்கே பார்க்கிறார்கள்? கட்டுமானத் தளத்தின் வேலியிலும் மின்நிலையக் கதவிலும். நான்கு மொழிகளில் எழுதிய எச்சரிக்கைப் பலகையில், மின்னல் படத்துக்குப் பக்கத்தில். அந்தப் பலகையைத் தினம் பார்த்துக்கொண்டே வேலைக்குள் நுழைகிற ஒரு தம்பி எங்கள் திரையைப் பார்த்ததும் கைபேசியைத் திருப்பி மேசைமேல் வைத்துவிட்டார். “இது வேண்டாண்ணே” என்றார்.

‘இடர்’ என்று மாற்றிப் பார்த்தோம். தமிழாசிரியர் ஒருவரைத் தவிர யாருக்கும் அது பிடிபடவில்லை. ‘ரிஸ்க்’ என்றால் புரிகிறது, ஆனால் “ரிஸ்க் எடுக்க மாட்டேன்” என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. பெயர்ச்சொல்லால் கேட்பதே இங்கே வேலைக்கு ஆகாது என்று கடைசியில்தான் புரிந்தது. தலைப்பையே எடுத்துவிட்டு இரண்டு வரியில் கேட்டோம்: ‘பணம் தேவைப்படும் மாதத்தில் 10,000 வெள்ளி இருக்க வேண்டிய இடத்தில் 8,500தான் இருக்கிறது. காத்திருக்க முடியுமா?’ பதிலும் இரண்டுதான்: ‘ஓரிரு ஆண்டு தள்ளிப்போடலாம்’, ‘தள்ளிப்போடவே முடியாது’.

இந்தக் கேள்விக்கு யாரும் யோசிக்கத் திணறவில்லை. வீட்டுப் புதுப்பிப்பு என்றால் தள்ளிப்போடலாம். பல்கலைக்கழகக் கட்டணத்தைத் தள்ளிப்போட முடியாது. ஒரே ஆள் இரண்டு தேவைகளுக்கு இரண்டு விதமாகப் பதில் சொன்னார். ஆக, துணிவு ஆளின் குணமாக மட்டும் இருப்பதில்லை. தேவைக்குத் தேவை அது மாறுகிறது. தொடக்கத்தில் ஒரே முறை கேட்டு எல்லாத் தேவைகளுக்கும் அதையே பொருத்தியிருந்தோம். அந்த அமைப்பைக் கலைத்து, ஒவ்வொரு தேவைக்கும் தனியாகக் கேட்கும்படி நிரலைத் திருத்தினோம். நண்பருக்கு மூன்று வார வேலை. எங்கள் கருவியில் நாங்கள் செய்த உருப்படியான மாற்றம் இதுதான் என்று நினைக்கிறேன்.

தேதி செய்யும் வேலை

ஈசூன் அக்காவின் கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறேன். 40,000 வெள்ளி, 10 ஆண்டுகள். வளர்ச்சியே இல்லை என்றால் மாதம் சுமார் 333. ஆண்டுக்கு 3 விழுக்காடு வளர்ச்சி கிடைத்தால் 286. 5 விழுக்காடு கிடைத்தால் 258. மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையே மாதம் 28 வெள்ளி. சரி, இப்போது வேறு மாதிரிப் பாருங்கள். அவர் இதே வேலையை மூன்று ஆண்டு கழித்துத் தொடங்கினால், 3 விழுக்காட்டில் மாதம் 429. நல்ல வளர்ச்சி, 5 விழுக்காடே கிடைத்தாலும் 399. அதே அக்காவிடம் இன்று கையில் 6,000 இருந்தால் 286 என்பது 228 ஆகக் குறைகிறது.

எந்தத் திட்டம் அரை விழுக்காடு கூடுதலாகத் தரும் என்பதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். கேட்பது இயல்பு. ஆனால் கணக்கைப் புரட்டிப் போடுவது தேதியும் கையிருப்பும். எங்கள் முதல் மாதிரியில் வளர்ச்சி விகிதத்துக்குப் பெரிய இடம், தேதிக்கு ஓரமாக ஒரு சின்னக் கட்டம், கையிருப்புக்கு இடமே இல்லை. அதைத் தலைகீழாக மாற்றினோம்.

தேதியைக் கேட்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ‘எத்தனை ஆண்டுகள்?’ என்றால் எல்லாரும் ‘பத்து’, ‘அஞ்சு’ என்று உருண்டை எண்ணாகச் சொல்லிவிடுவார்கள். படிப்புக்குச் சேர்க்கிறவர்களிடம் பிள்ளையின் வயதையும், மகனா மகளா என்பதையும் கேட்டோம். இங்கே அது முக்கியம். மகள் பெரும்பாலும் 19 வயதில் பல்கலைக்கழகத்துக்குள் போவாள். மகன் இரண்டு ஆண்டு கட்டாயத் தேசிய சேவை முடித்துவிட்டு 21 வயதில்தான் போவான். இருவருக்கும் இன்று ஒன்பது வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு மாதம் 286 என்றால், மகனுக்கு அதே 3 விழுக்காட்டில் 231 போதும். இரண்டு பிள்ளை வைத்திருக்கிற ஒரு தந்தை இதைப் பார்த்துவிட்டு, இதுவரை இருவருக்கும் சமமாக ஒதுக்கிவந்ததை மாற்றி மகளுக்கு முதலில் கூடுதலாகப் போடப்போவதாகச் சொன்னார். எங்கள் திரை அவரிடம் அதைச் சொல்லவில்லை. இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டியது, அவரே கண்டுகொண்டார்.

விலைவாசியை மறைக்கக் கூடாது என்றும் முடிவு செய்தோம். இன்றைய 40,000 ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறினால் பத்து ஆண்டில் ஏறக்குறைய 53,800. அப்போது மாதம் 286 இல்லை, 385. இந்த எண்ணை முதலிலேயே காட்டினால் ஆள் சோர்ந்துபோகிறார். கடைசியில் காட்டினால் ஏமாற்றியதுபோல் இருக்கிறது. பல முறை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். இப்போது இரண்டும் ஒரே திரையில் மேலும் கீழுமாக இருக்கின்றன: ‘இன்றைய விலையில்’, ‘அன்றைய விலையில்’. இதில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை.

இழுவைக் கோல், கோட்டுப்படம்

தொகையைத் தேர்ந்தெடுக்க முதலில் இடமும் வலமும் இழுக்கும் கோல் வைத்திருந்தோம். திரையில் அழகாக இருந்தது. வயதானவர் இழுக்கும்போது அவர் கட்டைவிரலே எண்ணை மறைத்துவிடுகிறது. விரலை எடுத்தால் 20,000க்குப் பதில் 25,000இல் நிற்கிறது. அதைவிட மோசம், கோல் தொடக்கத்தில் 50,000இல் நின்றதால் சிலர் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். “நீங்க போட்டிருக்கீங்கன்னா ஒரு காரணம் இருக்கும்ல” என்றார் ஒருவர். முதலில் கண்ணில் படும் எண் நம் மதிப்பீட்டைத் தன் பக்கம் இழுக்கும் என்று 1974இலேயே உளவியலாளர்கள் டிவர்ஸ்கியும் கானமனும் எழுதியிருக்கிறார்கள். இப்போது அந்த இடத்தில் வெறும் காலிக் கட்டமும் எண் பலகையும்தான் இருக்கின்றன.

கோட்டுப்படமும் போய்விட்டது. மேல்நோக்கிச் சீராக ஏறும் பச்சைக் கோட்டை மக்கள் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பதில் மூன்று வாக்கியங்கள்: நன்றாகப் போனால் இவ்வளவு, சுமாராகப் போனால் இவ்வளவு, மோசமாகப் போனால் இவ்வளவு. ‘மோசமாக’ என்பதை முதலில் வைத்தோம்.

எழுத்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்துக்கு அளந்து செய்த பட்டனில் தமிழ் அடங்காது. ‘ஓய்வுக்காலச் சேமிப்பு’ என்பது ‘ஓய்வுக்கா’ என்று வெட்டுப்பட்டு மூன்று புள்ளியோடு நின்றது. எழுத்தைச் சிறிதாக்காமல் பட்டனை இரண்டு வரி உயரமாக்கினோம். ‘கு’, ‘கூ’ மாதிரி எழுத்துகளின் கீழ்ப்பகுதி அடுத்த வரியில் இடிக்காதபடி வரி இடைவெளியையும் கூட்ட வேண்டியிருந்தது.

வெள்ளியா டாலரா என்பது தனிக் கதை. இங்கே பிறந்தவர்களுக்கு ‘வெள்ளி’தான் பணம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவருக்கு அது உலோகம் அல்லது கிழமை. ‘100,000’ என்று பார்த்தால் இங்குள்ளவர் ‘நூறாயிரம்’ என்கிறார், புதிதாக வந்தவர் நிறுத்தி எண்ணிவிட்டு ‘ஒரு லட்சம்’ என்கிறார். எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘ஒரு நூறாயிரம் (1 லட்சம்) வெள்ளி’ என்று இரண்டையும் போட்டோம். ‘மசேநி’ என்பதற்குக் கீழேயும் ‘சிபிஎஃப்’ என்று சேர்த்தோம்.

மசேநியைப் பற்றிச் சுருக்கமாக. சாதாரணக் கணக்குக்கு 2.5 விழுக்காடு வட்டி, 55 வயதுக்குக் கீழ் இருப்பவர்களின் சிறப்புக் கணக்குக்குக் குறைந்தது 4. அந்தப் பணத்தைப் பலர் தங்கள் சேமிப்பாகவே எண்ணுகிறார்கள், அதில் நியாயம் உண்டு. ஆனால் அதிலிருந்து ரொக்கமாக எடுக்கப் பொதுவாக 55 வயதாக வேண்டும். அதனால் ஓய்வுக்காலத்தைத் தேர்ந்தெடுப்பவர்களிடம் மட்டும் அதைக் கேட்கிறோம். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு மசேநியே கிடையாது. அவர்களுக்கு அந்தத் திரை வராது.

தேதி சொல்ல முடியாத தேவைகள் ஒருபுறம் இருந்தன. ஊரில் இருக்கும் அம்மாவின் மருத்துவச் செலவு எப்போது வரும் என்று யாரால் சொல்ல முடியும்? அவற்றை ‘எப்போதும் கையில்’ என்ற தனி உறையில் போட்டோம். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் அடிப்படை வழிகாட்டி 3 முதல் 6 மாதச் செலவை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறது. இந்த உறை நிரம்பாமல் மற்ற உறைகளுக்குப் போக விடலாமா கூடாதா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். அண்ணன் கூடாது என்றார். நான் விடலாம் என்றேன், ஏனென்றால் தடுத்தால் ஆள் கருவியையே மூடிவிடுவார். இப்போது தடுப்பதில்லை, மேலே ஒரு வரியில் நினைவூட்டுகிறது.

பெயர் கேட்கவில்லை

மோசடிக்காரர்கள் அனுப்பும் குறுந்தகவல்களைப் பற்றி இங்கே அன்றாடம் எச்சரிக்கிறார்கள். சந்தேகம் வந்தால் மோசடி உதவி எண்ணான 1799ஐ அழைக்கச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் பணம் பற்றிக் கேட்கும் ஒரு திரையை எதற்கு நம்ப வேண்டும்? முதல் மாதிரியில் பெயரும் கைபேசி எண்ணும் கேட்டிருந்தோம். அது எங்கள் தவறு. கணக்குக்கு அவை தேவையே இல்லை. இப்போது முதல் திரையின் முதல் வரி: ‘பெயர், அடையாள அட்டை எண், வங்கி விவரம் எதையும் கேட்க மாட்டோம்.’ பதில்கள் அவரவர் கைபேசியிலேயே இருக்கும். வேண்டுமானால் முடிவை ஒரு படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். நாங்கள் கடைசியில் போனால் போகட்டும் என்று சேர்த்த வசதி அது. எல்லாரும் முதலில் தொட்டது அதைத்தான். வீட்டில் கேட்காமல் யாரும் பணத்தைப் பற்றி முடிவெடுப்பதில்லை.

தேக்காவில் ஒரு ஞாயிறு

எச்சரிக்கைப் பலகையைப் பற்றிச் சொன்னேனே, அந்தத் தம்பியை மீண்டும் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவில் சந்தித்தோம். ஞாயிறு மாலைக் கூட்டம், பேசுவது காதில் விழாத சத்தம். ஆளுக்கொரு தே தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தோம். புதிய திரையைக் காட்டினேன். ‘எதற்காக?’ என்ற கட்டத்தில் ‘மாடி’ என்று எழுதினார். பட்டுக்கோட்டைப் பக்கம் ஊர். கீழ்த்தளம் முடிந்துவிட்டது, மேலே ஒரு தளம் எழுப்ப வேண்டும். 12 லட்சம் ரூபாய், நான்கு ஆண்டு.

இவருக்காகத்தான் ரூபாயில் இலக்கு வைக்கும் வழியைச் சேர்த்திருந்தோம். சம்பாதிப்பது வெள்ளியில், செலவு ரூபாயில் என்னும்போது ஒரே மாற்று விகிதத்தை வைத்துக் கணக்குச் சொல்வது நேர்மையாகாது. கருவி இரண்டு விகிதம் கேட்கும். அவர் ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய், 60 ரூபாய் என்று போட்டார். 65 என்றால் 18,462 வெள்ளி, மாதம் 385. 60 என்றால் 20,000 வெள்ளி, மாதம் 417. வங்கியில்தான் வைப்பேன் என்றதால் வளர்ச்சி எதையும் சேர்க்கவில்லை.

“வெள்ளி ஏறுனா நமக்கு நல்லதுதாண்ணே. ஆனா செங்கல்லும் ஏறுமே” என்றார். 417ஐயே வைத்துக்கொண்டார். படத்தை மனைவிக்கு அனுப்பினார். தே தாரே ஆறுவதற்குள் குரல் பதிவு வந்தது. காதில் வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். படிக்கட்டு வெளியே வேண்டாமாம், மழையில் பிள்ளைகள் நனைவார்களாம், உள்ளேயே வர வேண்டுமாம். அதற்கு இன்னும் ஒன்றரை லட்சம் ஆகும்.

12 லட்சத்தை அழித்துவிட்டு 13,50,000 என்று அடித்தார். மாதம் 469 என்று வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தேதிக்குப் போய் ஆறு மாதம் தள்ளினார். மறுபடியும் 417.

‘குறித்து வை’யை அழுத்திவிட்டு, மனைவியைக் கூப்பிட எழுந்து சாலையோரம் போனார்.